இரவல் காப்பு: மன்னார்க் கரையின் காய்ச்சலும் குருதியும்

இலங்கையின் வடமேற்கில், தனுஷ்கோடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் நுனி நீட்டிக் கிடக்கும் மன்னார்த் தீவும், அதற்கு எதிரே மாந்தை, நானாட்டான், முசலி, மடு என விரியும் பெருநிலமும் முத்துக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் பெருக்க மரங்களுக்கும் பேர்பெற்றவை. காய்ச்சலுக்கும் அவை பேர்பெற்றிருந்தன என்பதை இக்கரையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும் மழை ஓய்ந்ததும், அருவியாற்றின் படுகையிலும் கட்டுக்கரைக் குளத்தின் வாய்க்கால்களிலும் தெளிந்த நீர் குட்டை குட்டையாகத் தேங்கும். அந்நீரில் பெருகும் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்பு, தை மாதத்தோடு மலேரியாவை வீடுவீடாகக் கொண்டுசேர்க்கும். குளிர்காய்ச்சல் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் மக்கள் அழைத்த அந்நோய்க்கு எதிராக இக்கரையார் தம் குருதியில் ஒரு காப்பைச் சுமந்தனர். அக்காப்பு எவ்வாறு உண்டாயிற்று, தாயிடமிருந்து பிள்ளைக்கும் ஒருவர் குருதியிலிருந்து மற்றவர் உடலுக்கும் எவ்வாறு இரவலாகச் சென்றது, பின்னர் எவ்வாறு கரைந்துபோயிற்று என்பதும் மன்னாரின் வரலாற்றில் சேர வேண்டிய ஒரு பகுதியே.

இக்காப்பின் இருப்பை முதலில் வெளிப்படுத்தியவர்கள் அது இல்லாமல் இங்கு வந்து சேர்ந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தோணிகளில் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் கால்நடையாகச் சென்றனர். நீரும் உணவும் அரிதான அந்த வடபாதையில் வாந்திபேதியும் காய்ச்சலும் பலரைப் பலிகொண்டன. அவ்வாறு இறந்தோருக்குப் பெயர்ப்பட்டியல் எதுவும் எழுதப்படவில்லை. மலையகத் தமிழரின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் இப்பாதை முதலில் நினைக்கப்படுவது முறையே. முத்துக்குளிப்புக் காலங்களில் சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் சில வாரங்களுக்குள் எழுந்து மறைந்த ஓலைப் பட்டணங்களில் குளிகாரரும் வணிகரும் காவலரும் பல்லாயிரக்கணக்கில் கூடினர். 1903 முதல் 1907 வரை ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்புகளில் அரசின் முதற்கவலைகளுள் ஒன்றாக நோய்த்தடுப்பு இருந்தது. மடு மாதாவின் ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு நீர்கொழும்பு, சிலாபம் முதலிய ஈரக் கரைகளிலிருந்து காட்டுக்குள் வந்து தங்கிய யாத்திரிகரும் காய்ச்சல் அறியாத குருதியோடு காய்ச்சல் நிலத்துக்குள் புகுந்தவர்களே.

உள்ளூரார் இக்காய்ச்சலால் பெருந்தொகையாக மடியாமல் வாழ்ந்ததைக் கண்ட வெளியார், அவர்கள் இயல்பிலேயே வலிய உடலினர் என்று எண்ணியிருக்கக்கூடும். உண்மை அவ்வளவு இனிமையானதன்று. மலேரியா ஓயாது நிலவும் ஊரில் பிறக்கும் பிள்ளை முதல் சில ஆண்டுகளில் திரும்பத் திரும்ப நோயுற்று, பிழைத்தால், ஒட்டுண்ணியை முற்றாக ஒழிக்காவிட்டாலும் கட்டுக்குள் வைக்கும் திறனைப் படிப்படியாகப் பெறுகிறது. நோய்க்கிருமியை எதிர்த்து உடல் தன்னைக் காக்கும் இத்திறன் நிர்ப்பீடனம் எனப்படும். இதன் புறச்சான்றாக மருத்துவர் கொண்டது பிள்ளைகளின் வீங்கிய மண்ணீரலை. 2 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு விலாவின் கீழ் அந்தக் கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது என்ற விகிதத்தைக் கொண்டே ஓர் ஊரின் மலேரியாச் சுமை அளக்கப்பட்டது. வளர்ந்தோரின் காப்புக்கு விலை கொடுத்தவர்கள் பிழைக்காமற்போன பிள்ளைகளே.

இந்தக் கணக்கு 1934-35இல் நாடு முழுவதற்கும் தெரியவந்தது. தென்மேற்குப் பருவமழை பொய்த்ததால் தெதுறு ஓயா, மகா ஓயா முதலிய ஆறுகள் ஓட்டம் இழந்து குட்டைகளாயின. வறண்ட வலயத்துக்குரிய நுளம்பு ஈர வலயத்தின் எல்லைக்குள் பெருகியது. குருநாகல், கேகாலை மாவட்டங்களிலும் சுற்றுப்புறங்களிலும் சில மாதங்களுக்குள் சுமார் 80,000 பேர் இறந்தனர். 1935இல் உயிரோடு பிறந்த ஒவ்வோர் 1,000 குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. மன்னாரை உள்ளடக்கிய வடபுல வறண்ட வலயமோ அந்தக் கொள்ளைநோயின் மையத்துக்கு வெளியே நின்றது. அங்கு மழையின் ஒழுங்கு வேறு என்பது ஒரு காரணமென்றால், ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட்டு வந்த கடனை ஒரே ஆண்டில் மொத்தமாகச் செலுத்த வேண்டிய நிலை அங்கு எழவில்லை என்பது மற்றொரு காரணம்.

காப்பு என்ற சொல் பிறந்த 31ஆம் நாளில் குழந்தையின் கையில் இடப்படும் வளையத்தையும் குறிக்கும். அந்த வளையத்துக்கு முன்பே தாய் தன் பிள்ளைக்கு இட்டுவிடும் ஒரு காப்பு உண்டு. கருப்பைச் சுவரோடு ஒட்டி வளர்ந்து, தாயின் குருதியிலிருந்து கருவுக்கு ஊட்டமும் ஒட்சிசனும் கடத்தும் உறுப்பை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் சூல்வித்தகம் என்கின்றன. மக்கள் வழக்கில் அது நச்சுக்கொடி, இளங்கொடி. பிள்ளை பிறந்தபின் வெளியேறும் அதனை நாயும் நரியும் தோண்டாத ஆழத்தில் வீட்டு வளவிலேயே புதைப்பது தமிழர் பழவழக்கம். புதைக்கப்படுமுன் அது செய்து முடித்திருக்கும் வேலைகளுள் ஒன்று, தாயின் பிறபொருளெதிரிகளைக் கருவிடம் சேர்ப்பது. உடலுக்குள் புகும் அயற்பொருளை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்களே பிறபொருளெதிரிகள். அவற்றுள் இம்யூனோகுளோபுலின் ஜி என்னும் வகை மட்டும் சூல்வித்தகத்தில் உள்ள ஒரு தனி வாங்கியால் பிடிக்கப்பட்டு மறுபக்கம் கடத்தப்படுகிறது. இத்தகைய வாங்கி இருக்க வேண்டும் என்று பிரித்தானிய விலங்கியலாளர் பிரம்பெல் 1958இல் ஊகித்தார். பின்வந்தோர் அதனைக் கண்டறிந்தனர். கருக்காலத்தின் இறுதி மாதங்களில் இக்கடத்தல் விரைவடைவதால், நிறைமாதக் குழந்தையின் குருதியில் அப்புரதம் தாயினதற்கு நிகராகவோ சற்று மிகுதியாகவோ இருக்கும். ஆயினும் சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைவதால், சில மாதங்களில் இந்த இரவல் தீர்ந்துவிடும்.

காய்ச்சல் மண்ணில் பிறந்த பச்சிளங்குழந்தைகள் முதல் சில மாதங்களில் கடும் மலேரியாவுக்கு அரிதாகவே ஆளாவதற்கு இது ஒரு காரணம். கருக்கால ஈமோகுளோபினில் ஒட்டுண்ணி நன்கு வளராமையும் அக்காலக் குழந்தைக்குத் துணைநிற்கிறது. ஆனால் கொடுக்கும் உறுப்பே நோயின் இருப்பிடமாகவும் மாறுவதுண்டு. மலேரியாவின் வகைகளுள் கொடியதான பால்சிபாரம் ஒட்டுண்ணி புகுந்த செங்குழியங்கள் சூல்வித்தகத்தின் ஒரு சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொண்டு அங்கேயே தங்குவதை 1996இல் பிரீட், டஃபி ஆகிய இருவரும் காட்டினர். தலைச்சூல் கொண்ட பெண்ணிடம் இது மிகுதியாக நிகழும். அடுத்தடுத்த சூல்களில் அவ்வகை ஒட்டுண்ணிக்கெதிரான பிறபொருளெதிரி உண்டாகி அவளைக் காக்கும். நோயுற்ற சூல்வித்தகம் வழியே பிள்ளைக்குச் செல்லும் காப்பும் குறையலாம். மூத்த பிள்ளைகள் எடை குறைந்து பிறந்ததும், தாய்மார் சோகை பிடித்து வெளிறியதும் காய்ச்சல் ஊர்களில் விதி என்றே கொள்ளப்பட்டன.

புதைக்கப்படும் அந்த உறுப்பிலிருந்தே மருந்து எடுக்கலாம் என்ற எண்ணம் 1930களில் உருப்பெற்றது. நோயிலிருந்து தேறியவரின் குருதி நீரைச் செலுத்திப் பிள்ளைகளைச் சின்னமுத்திலிருந்து காக்கும் முறை அதற்கு முன்பே வழக்கிலிருந்தது. தேறியவர் கிடைக்காதவிடத்துப் பெற்றோரின் குருதியையே பிள்ளையின் தசையில் ஏற்றிய மருத்துவரும் இருந்தனர். 1933இல் பொஸ்டனில் மக்கான் என்னும் அமெரிக்கரும் பூ தாங் சூ என்னும் சீன மருத்துவரும் சூல்வித்தகங்களை அரைத்துப் பிரித்தெடுத்த புரதச் சாற்றில் பிறபொருளெதிரிகள் இருப்பதைக் காட்டி, அதனைச் சின்னமுத்துத் தடுப்புக்குப் பயன்படுத்தினர். பல தாய்மாரின் சூல்வித்தகங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டதால், ஒருவரிடம் இல்லாத காப்பு இன்னொருவரிடமிருந்து அச்சாற்றில் வந்து கலந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹாவார்ட்டின் எட்வின் கோன், குளிர்ந்த எதனோலைக் கொண்டு குருதியின் முதலுருவை, அதாவது குழியங்கள் நீங்கிய திரவப் பகுதியை, படிப்படியாகப் பிரிக்கும் முறையை வகுத்ததும், காமா குளோபுலின் என்னும் பிறபொருளெதிரிப் பகுதி பெருமளவில் கிடைத்தது. பிரான்சின் மெரியே நிறுவனம் பல நாடுகளின் மகப்பேற்று மனைகளிலிருந்து உறைநிலையில் சூல்வித்தகங்களைத் திரட்டி அல்புமினும் காமா குளோபுலினும் செய்துவந்தது. தொற்று அச்சம் காரணமாக 1990களின் முற்பகுதியில் அம்முறை கைவிடப்பட்டது. தாய்மாரின் உடலிலிருந்து வந்த பொருள் அவர்கள் அறியாமலே வணிகப் பண்டமானது, இன்றைய அறநோக்கில் கேள்விக்குரியதே.

மலேரியாவைப் பொறுத்தவரை இவ்வழியின் திருப்புமுனை மேற்கு ஆபிரிக்காவில் நிகழ்ந்தது. காய்ச்சல் நிலத்தில் வளர்ந்தோரின் காப்பு குருதியின் எந்தப் பகுதியில் உறைகிறது என்ற கேள்விக்கு 1961இல் கொஹென், மக்கிரகர், கரிங்டன் ஆகியோர் காம்பியாவில் விடைகண்டனர். அந்நாட்டு வளர்ந்தோரின் குருதியிலிருந்து பிரித்த காமா குளோபுலினை, பால்சிபாரம் மலேரியாவால் நோயுற்ற சிறுபிள்ளைகளுக்கு ஏற்றியபோது சில நாள்களில் ஒட்டுண்ணித் தொகை வெகுவாக வீழ்ந்தது. பிரித்தானியரின் குருதியிலிருந்து எடுத்த குளோபுலினுக்கு அந்த ஆற்றல் இருக்கவில்லை. மறு ஆண்டில் எடோசியன், கில்ஸ், உடியோசோ ஆகிய மூவரும் நைஜீரியாவில் வளர்ந்தோரின் குளோபுலினோடு கொப்பூழ்க்கொடிக் குருதியின் குளோபுலினையும் ஆராய்ந்து, காய்ச்சல் மண்ணின் தாய் தன் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பும் காப்பு மற்றொரு பிள்ளையின் நோயையும் தணிக்கவல்லது என்று காட்டினர். 1991இல் ஆபிரிக்க வளர்ந்தோரின் குளோபுலின் தாய்லாந்து நோயாளரின் ஒட்டுண்ணிகளையும் அடக்கியதாக அறிவிக்கப்பட்டது. கண்டம் மாறினும் பகைவனின் அடையாளம் அவ்வளவாக மாறவில்லை என்பதை இது உணர்த்தியது. எனினும் இது மருந்தாகவில்லை. குளோரோகுயின் மலிவாகக் கிடைத்தது. குளோபுலினின் ஆயுள் வாரக்கணக்கினது. அதனைத் தரும் குருதியோ, தருபவர் தம் பிள்ளைப் பருவத்தை நோயில் கழித்தால் மட்டுமே கிடைப்பது. மன்னார்த் தாய்மாரின் குருதியை எவரும் இவ்வாறு திரட்டவில்லை; ஆனால் அந்த ஆய்வுகள் சொன்ன உண்மை மடுவுக்கும் முசலிக்கும் அவ்வாறே பொருந்தும்.

காம்பியச் சோதனையில் ஒன்று விடுபட்டிருந்தது: நுளம்புக்குள் சென்று இனம்பெருக்கும் ஒட்டுண்ணியின் பால் வடிவங்களை அந்தக் குளோபுலின் தொடவில்லை. அவ்விடத்தில் இலங்கையின் பங்களிப்பு தொடங்குகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் காமினி மென்டிஸ், ரிச்சர்ட் காட்டர் முதலியோர் இலங்கையில் மிகுந்து காணப்பட்ட வைவாக்ஸ் மலேரியாவை ஆராய்ந்து, நோயுற்றவரின் குருதியில் உண்டாகும் சில பிறபொருளெதிரிகள், நுளம்பு அக்குருதியை உறிஞ்சியபின் அதன் குடலுக்குள்ளேயே ஒட்டுண்ணியின் கருக்கட்டலைத் தடுக்கின்றன என்று 1987இல் வெளியிட்டனர். இக்காப்பு அதைச் சுமப்பவரின் நோயைத் தணிப்பதன்று. அவரைக் கடித்த நுளம்பு அடுத்த வீட்டாரைக் கடிக்கும்போது பயன்தருவது. அயலாருக்கென்றே ஒருவர் குருதியில் உருவாகும் காப்பு என்று இதனைச் சொல்வது மிகையாகாது. ஆனால் 1988இல் வந்த ஆய்வுகள் இதன் மறுபக்கத்தையும் காட்டின: அதே பிறபொருளெதிரிகள் மிகக் குறைந்த செறிவில் இருக்கும்போது நுளம்பில் ஒட்டுண்ணி வளர்வதை ஊக்குவிக்கவும் செய்தன, இரண்டாம் நோய் முதல் நோயிலிருந்து சுமார் நான்கு மாதங்களுக்குள் வந்தால் மட்டுமே இக்காப்பு வலுப்பெற்றது. ஆண்டுக்கு ஒருமுறை மழையோடு வந்துபோகும் மலேரியா, வறண்ட வலயத்தின் குருதியில் இத்தகைய காப்பை நிலைநிறுத்தப் போதாது என்பது இதிலிருந்து பெறப்படும்.

பிறர் குருதி நோயாளியின் நிர்ப்பீடனத்தை மாற்றியமைக்கும் என்பது மலேரியாவுக்கு வெளியேயும் தெரியவந்தது. சிறுநீரக மாற்றுக்கு முன் பிறர் குருதி ஏற்றப்பட்டவர்களிடம் புதிய சிறுநீரகம் நீண்டநாள் நிலைப்பதை 1973இல் ஓபெல்ஸும் தெரசாக்கியும் கண்டனர். ஏற்றப்பட்ட குருதி உடலின் எதிர்ப்பைத் தணித்திருந்தது. 1981இல் சுவிற்சர்லாந்தின் இம்பாக், தன் குருதிச் சிறுதட்டுகளைத் தானே அழிக்கும் நோயுற்ற பிள்ளைகளுக்குப் பெருந்தொகைக் கொடையாளரின் இம்யூனோகுளோபுலினை நாளத்தின் வழியே செலுத்தியபோது அந்த அழிவு தணிந்தது. கிருமியை எதிர்க்கும் பொருளே, அளவு மிகும்போது, உடல் தன்னைத் தாக்குவதை அடக்கும் பொருளாகவும் தொழிற்பட்டது. றீசஸ் காரணி அற்ற தாய்க்கு மகப்பேற்றையொட்டி இடப்படும் ஆன்டி-டி ஊசியும் கொடையாளர் குருதியிலிருந்து வருவதே. தாயின் உடல் அடுத்த பிள்ளையின் செங்குழியங்களை எதிர்க்கக் கற்றுக்கொள்ளாதபடி அது தடுக்கிறது. இத்தகைய பொருள்களை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாட்டில் தரக் கண்காணிப்பு உயிர்க்காரியம். 2023இல் இலங்கையின் அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் குப்பிகள் தரமற்றவை எனக் கண்டறியப்பட்டு, அவ்விடயம் நீதிமன்றம் வரை சென்றமை, அவற்றை நம்பியிருந்த நோயாளருக்கு இழைக்கப்பட்ட பெருங்கொடுமை.

குருதியோடு காப்பு மட்டும் கடந்து செல்வதில்லை, ஒட்டுண்ணியும் செல்லும். நிர்ப்பீடனம் பெற்ற வளர்ந்தவர் நோயின் அறிகுறி இன்றியே சிறிதளவு ஒட்டுண்ணியைச் சுமக்கக்கூடும் என்பதால், காய்ச்சல் நிலத்தில் நல்ல உடலோடு தோன்றும் கொடையாளரே ஐயத்துக்குரியவராகிறார். இதனாலேயே இலங்கையில் தானக் குருதி எயிட்ஸ், ஈரலழற்சி, மேகநோய் ஆகியவற்றோடு மலேரியாவுக்கும் சோதிக்கப்படுகிறது. கட்டணம் பெறாத கொடையாளரையே சார்ந்து குருதிச் சேவையைக் கட்டியெழுப்பிய இலங்கை, தாய்மாரைக் காக்கப் பாதுகாப்பான குருதி என்ற பொருளில் 2014இல் கொண்டாடப்பட்ட உலக இரத்ததான நாளை ஏற்று நடத்தியமை பெருமைக்குரியது.

மன்னாரின் பழைய காப்பு கரைந்த கதை 1946இல் வீடுகளுக்குள் டி.டி.ரி. தெளிக்கப்பட்டதோடு தொடங்கியது. நாட்டின் குழந்தை இறப்பு 1947இல் ஆயிரத்துக்கு 101 ஆகக் குறைந்தது, அதில் டி.டி.ரி.யின் பங்கு எவ்வளவு, உணவினதும் மருத்துவ மனைகளினதும் பங்கு எவ்வளவு என்று குடித்தொகை ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தபின் 1969இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் காய்ச்சல் அறியாமல் வளர்ந்த ஒரு தலைமுறை அதற்கு இரையாயிற்று. உள்நாட்டுப் போர்க்காலத்தில், இடம்பெயர்ந்து காட்டோரங்களில் கொட்டில் போட்டுத் தங்கிய வன்னி, மன்னார் மக்களிடம் மலேரியா மீண்டும் வேரூன்றியது. நாட்டிலேயே மிகுந்த சுமை வடமாகாணத்தினதாயிற்று. அக்காலத்திலும் மருந்தும் நுளம்பு வலையும் எடுத்துச்சென்ற களப்பணியாளரின் உழைப்பு உரிய அளவில் எழுதப்படவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அவ்வாண்டின் டிசம்பரிலேயே, அதுவரை இலங்கையில் காணப்படாத அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு மன்னார்த் தீவில் பிடிபட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இந்நுளம்புக்கு ஆற்றுப் படுகையோ வயலோ வேண்டியதில்லை. நீர்த்தொட்டியும் வீட்டுக் கிணறும் போதும், மன்னாரின் மணலில் கிணற்றுக்குக் குறைவில்லை. பின்னர் அது யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. தமிழ்நாட்டுக்கும் இக்கரைக்கும் உள்ள உறவைத் தொப்புள்கொடி உறவு என்று மேடைகளில் சொல்வதுண்டு; கடலின் இருபுறமும் அதே உறவும் அதே படகுகளும் இருக்கும்வரை ஒட்டுண்ணியும் நுளம்பும் அவ்வழியே வரக்கூடும் என்பதால், தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பியவர்களின் குருதியை இலங்கை அரசின் மலேரியா தடை இயக்கம் சோதித்தது.

இன்று மன்னாரில் பிறக்கும் குழந்தைக்குச் சூல்வித்தகம் வழியே சின்னமுத்துக்கும் ஏற்புவலிக்கும் எதிரான பிறபொருளெதிரிகள் வந்துசேர்கின்றன. தடுப்பூசி பெற்ற தாயிடம் கொடுக்க அவை உள்ளன. மலேரியாவுக்கு எதிரானவை அவளிடம் இல்லை. பாட்டியிடம் இருந்ததும் தேய்ந்து போயிற்று. அந்தப் பிள்ளைகளுக்காக, மலேரியா தடை இயக்கத்தின் பணியாளர் தீவின் கிணறுகளில் வாளி இறக்கி நுளம்புக் குடம்பிகளை எண்ணுகின்றனர். குடம்பிகளைத் தின்னும் கப்பி மீன்களை நீரில் விடுகின்றனர். பயன்படாத கிணறுகளை வலையிட்டு மூடுகின்றனர். கடல் கடந்து வந்த காய்ச்சற்காரரின் விரல்நுனியிலிருந்து ஒரு சொட்டுக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் பூசி உலர வைக்கின்றனர்.